முப்பத்தோராம் நாள்

(அத்தியாயம் 9)

கனகசுந்தரம் என்னும் பெயரை முழுமையாக எழுதுபவர் அவர் ஒருவரே. புக்கிட் மெலூர் ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு அவர் ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஐயா. காற்பந்துக் குழுவினருக்கு மனேச்சர் ஐயா. கடந்த எட்டு வாரங்களாக அவரை முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவராகவே கண்டு வந்தோம். இந்த வாரம் சற்று அருகில் சென்று காண வேண்டியிருக்கிறது.

வயது நாற்பத்தொன்பது. யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்திரண்டாம் வயதில் கப்பலேறியவர். அரசாங்க ஆபீஸ்களில் பதினைந்து ஆண்டுகள் எழுதிவிட்டு, இத்தோட்டத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுவார். பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டி ஆள்களை அழைப்பதற்கு முன்பே குளித்து, திருநீறு பூசி, பைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முடித்திருப்பார். கோபம் வந்தால் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆட்ட நாள்களில் பதினொருவர் பெயரையும் பென்சிலால்தான் எழுதுவார். “பொடியளுக்குக் காலிலை முள்ளுக் குத்தினால் அழிக்க வேணுமே,” என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தோட்டத்தில் யாரேனும் இறந்துவிட்டால், முன்னறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்த நாளைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பார். அதிலிருந்து முப்பத்தொன்று எண்ணி, அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டமிடுவார். அந்த நாளில் அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு ஒரு சிறு மூட்டை அரிசி போய்ச் சேரும். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறையும் இது தவறியதில்லை.

1937-ஆம் ஆண்டு நாள்காட்டியில், ஆகஸ்டு இரண்டாம் தேதியில் ஒரு சிவப்புக் குறி இருந்தது. அடுத்த தாளில், செப்டம்பர் முதல் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது.

அக்குறி மருதம்மாளுக்கு உரியது. தொழிலாளர் வரிசை வீடுகளில் நான்காம் லயத்தில் வாழ்ந்து, கோல்காவலன் பரஞ்சோதியை ஒற்றை ஆளாக வளர்த்த தாய். மகன் காக்கும் கோலுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை உட்காராமல் நிற்பாரே, அவரேதான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

அதன்பின் நடந்ததும் தெரிந்ததே. சென்ற சனிக்கிழமை பாடாங் செராய்த் திடலில், செம்பாக்காத் தோட்டத்தாரிடம் மூன்று கோல் வாங்கி, கிண்ணத்தை இழந்து வந்தார்கள். பரஞ்சோதி ஆடவில்லை. அவனை ஆடவிடாதவர் மனேச்சர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

*

திங்கட்கிழமைப் பெரட்டு. இருள் பிரியாத வேளையில், விளக்கொளியில் கனகசுந்தரம் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார்.

“பரஞ்சோதி.”

பதில் இல்லை.

“பரஞ்சோதி!”

“வரலிங்கையா,” என்றார் பிச்சை கங்காணி. நாள்தோறும் ஒரு வேடிக்கையாவது பேசாமல் பெரட்டைக் கலைக்காத மனிதர், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சுகமில்லையோ?”

“தெரியலிங்கையா.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “பாடாங்குல பேர அடிச்சாச்சு. இங்க மட்டும் எதுக்குலா கூப்புடணும்?”

யாரோ சிரிக்கத் தொடங்கி, உடனே நிறுத்திக்கொண்டார்கள். கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்ற துக்கம் என்று எண்ணிக்கொண்டார். பிறகு அடுத்த பெயரைப் படித்தார்.

*

பதினொரு மணிக்கு வீடு திரும்பியபோது, மேசையில் பால் விடாத தேநீர் இருந்தது. அருகில் ஒரு கடிதம் இருந்தது.

“பாப்பம்மா இண்டைக்குப் பால் கொண்டரேல்லை,” என்றாள் மனைவி ஞானாம்பிகை. பாப்பம்மா பரஞ்சோதியின் தமக்கை, பசு வைத்திருப்பவள். “அண்ணையின்ரை ஆள் கடிதம் கொண்டந்தவன். நான் பிரிக்கேல்லை.”

பிரிக்காமலே இருவருக்கும் அதன் பொருள் தெரியும். கனகசுந்தரம் பிரித்தார். ஒரே வரி.

‘மாலை நான்கு மணிக்குப் பங்களாவுக்கு வரவும். கோட்டையும் கொண்டுவரவும்.’

முதலாளி முத்துக்குமாரு, ஞானாம்பிகையின் அண்ணன். ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில், வெள்ளைக்காரக் கம்பெனி கைகழுவிய இத்தோட்டத்தை வாங்கியவர். தோட்டத்தோடு காற்பந்துக் குழுவும் அவருக்குச் சொந்தமாயிற்று. அதுவரை வெறுங்காலால் ஆடியவர்களுக்குச் சப்பாத்து வந்தது. பச்சைச் சட்டை வந்தது. திடலுக்குப் போக லாரி வந்தது. ஒன்று மட்டும் நிலைக்கவில்லை. அதுதான் மனேச்சர்.

முதலாமவர் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குலசிங்கம். ஓர் ஆட்டம் சமமாக முடிந்ததற்குப் போனார். அடுத்தவர் பினாங்கிலிருந்து வந்த வாத்தியார், தோற்றதற்குப் போனார். மூன்றாமவரான பழைய போலீஸ்காரர் வென்றும் போனார். ஒரு கோலில் வென்றது போதாதாம். நான்காமவர் பெயரை மக்கள் கற்றுக்கொள்வதற்குள் அவர் மூட்டை கட்டியாயிற்று. ஐந்தாமவர் சொல்லாமலே ஓடிவிட்டார். ஆறாவதாக, வேறு யாரும் வரமாட்டேன் என்ற பின், தங்கை கணவரின் தலையில் அது வந்து விழுந்தது. அவர் இரண்டு பருவம் நின்றார். அதுவே பெரிய காலம்.

மனேச்சருக்கென்று ஒரு பச்சைக் கோட்டு இருந்தது. குலசிங்கத்தின் அளவுக்குத் தைத்த அந்தக் கோட்டே ஒவ்வொருவருக்காகவும் பிரித்துப் பிரித்துத் தைக்கப்பட்டது. கணவருக்காக ஞானாம்பிகை கையை மடித்துத் தைத்தபோது, பழைய தையல் தடங்கள் நான்கைக் கண்டாள். “மனேச்சர் கோட்டு அழுக்கானா தோய்க்காதீங்க. தோய்ச்சுக் காயுறதுக்குள்ள ஆளு மாறிடுவாரு,” என்று பிச்சை கங்காணி சொல்லாத நாளில்லை. வேலை போனவர்கள் நால்வருக்கும் இந்த ஒரு வரிக் கடிதமே வந்தது: கோட்டையும் கொண்டுவரவும்.

“மனேச்சர் வேலை போனால் போகட்டும். கிராணி வேலையையும் எடுத்துப்போடுவாரோ?” என்றாள் ஞானாம்பிகை.

“டிரஸ்ஸருக்கு ரெண்டும் போனது. வீடும்.”

“நான் அண்ணையோடை கதைக்கட்டே?”

“வேண்டாம். உன்ரை அண்ணைக்கும் எனக்கும் நடுவிலை உன்னை நிப்பாட்டேலாது.” தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “பிழை நான் விடேல்லை, ஞானம். துடக்குக்குள்ளை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ப் பந்தடிக்க விடுறதோ? கிண்ணம் வரும், போகும்.”

ஞானாம்பிகை மறுக்கவில்லை. அவளுடைய ஊரிலும் துடக்கு எனப்படும் சாவுத் தீட்டு முப்பத்தொரு நாள். சனிக்கிழமை இருபதாம் நாள்தான். தாயை இழந்தவன் ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் சங்கடமும் வேண்டாமென்று, லாரியை நான்காம் லயத்துப் பக்கமே விடாமல், ரப்பர் காயும் புகைவீட்டுப் பாதையால் கொண்டுபோகச் சொன்னவரும் இவர்தான். அலமாரியில் பரஞ்சோதிக்கென்று வாங்கிய வேட்டி ஒன்று காகிதச் சுற்றோடு இருந்தது. முப்பத்தோராம் நாள் அரிசியோடு கொடுப்பதற்கு வாங்கியது.

“பாப்பம்மாவுக்கு என்னவோ தெரியேல்லை. பாத்துக்கொண்டு வாறன்,” என்று குடையை எடுத்துக்கொண்டாள்.

*

கிராணிமார் வீட்டுப் பெண்கள் லயத்துக்குப் போவது வழக்கமில்லை. நான்காம் லயத்து வாசல்களில் பேச்சு நின்றது. பாப்பம்மா வாசலில் பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஆனால் ‘வாங்கம்மா’ என்று சொல்லவில்லை.

“பால் வரலன்னு வந்தீங்களா?”

“பாலுக்கில்லை, பாப்பம்மா. உனக்குச் சுகமில்லையோ எண்டு…”

“எனக்கு என்னம்மா கொறச்சல். நல்லாத்தான் இருக்கேன்.”

உள்ளே பரஞ்சோதி ஒரு தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. மொட்டையடித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது.

“எங்கை போறாய், தம்பி?”

அவன் நிமிரவில்லை. பாப்பம்மா சொன்னாள்: “பாலிங்குக்கு. எங்க மாமா அங்கதான் கித்தாத் தோட்டத்துல ரப்பரு மரம் வெட்டுறாரு. மூணு மணி பஸ்ஸுக்குப் போறான். இங்க இனிமே என்ன இருக்கு? கோலுக்குப் பின்னால நின்ன ஆளு போயிட்டாங்க. கோலும் போச்சு.”

“விடுக்கா,” என்றான் பரஞ்சோதி.

“நீ சும்மாயிருடா. கேக்க வந்திருக்காங்கல்ல, சொல்றேன்.” அவள் குரல் உயரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. “சனிக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கே சட்டயப் போட்டுக்கிட்டு ரோட்டுல போய் நின்னாம்மா. லாரி வரும், ஏத்திக்கும்னு. லாரி அந்தப் பக்கமாவே போயிடுச்சு. இவன் கையாட்டுனான். ஒருத்தரும் பாக்கல. ஆறு மைலு நடந்தே போயிருக்கான். போய்ச் சேந்தப்ப ஒரு கோலு விழுந்திருச்சு. எங்கம்மா நிக்கிற எடத்துல போய் நின்னுருக்கான், ஐயா பாத்தா கூப்புடுவாருன்னு. ஐயா பாத்தாரு. வந்தாரு. அத்தன சனத்துக்கு முன்னால ‘வீட்டுக்குப் போ, நீ இங்க நிக்கக் கூடாது’ன்னுட்டாரு.”

அதே சொற்களை ஞானாம்பிகை சனிக்கிழமை மாலையே கேட்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கணவர் சொன்னார்: ‘பாவம், துடக்குக்குள்ளையும் மனம் கேக்காமல் வந்து நிண்டான். வீட்டை போ தம்பி, நீ இஞ்சை நிக்கக் கூடாது எண்டு சொல்லி அனுப்பிவிட்டன். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.’

“பாப்பம்மா, அவர் துடக்குக்காகத்தான்… முப்பத்தொரு நாள் முடியேல்லையே…”

“என்ன முப்பத்தொண்ணு?”

“தாய் செத்தால் முப்பத்தொரு நாள் ஒரு நல்லது கெட்டதுக்கும் போறேல்லையே.”

பாப்பம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்களுக்குப் பதினாறும்மா,” என்றாள். “பதினாறாம் நாளு கருமாதி. மாமா பாலிங்குலேருந்து வந்து இவன் தலயில உறுமா கட்டிவிட்டாரு. அதோட எல்லாம் கழிஞ்சிச்சு. மறுநாளு அவன் மரம் வெட்டப் போனான். ஐயாதானே பெரட்டுல பேரு படிச்சாரு? அன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே?”

ஞானாம்பிகை எண்ணிப் பார்த்தாள், சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பே பதினாறு முடிந்திருந்தது.

“அப்ப அந்த அரிசி…” என்று பாப்பம்மா மெதுவாக இழுத்தாள். “எங்கப்பா செத்தப்பவும் வந்துச்சு. எல்லா வீட்டுக்கும் வரும், ஒரு மாசம் கழிச்சு. ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது. கிராணி ஐயாவுக்கு என்னமோ வேண்டுதல்னு வாங்கி வச்சுக்குவோம்.”

“நீங்கள் ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லையே?”

“சாவுக் காரியத்துக்கு வெத்தல வச்சு அழைக்கிறதில்லம்மா. வேணுங்கிறவங்க தானா வருவாங்க. ஐயா வருவாருன்னு இவன் ஒரே புடியா நின்னான். ஐயாவுக்குன்னு ஒரு எல போட்டு வச்சிருந்தோம். சாயங்காலம் வரைக்கும் அந்த எலைய எடுக்க விடல.”

பரஞ்சோதி பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது முதல் முறையாக ஞானாம்பிகையிடம் பேசினான்.

“ஐயாமேல கோவம் இல்லீங்கம்மா. கூலிக்காரன் வீட்டு எலைன்னு வரல, கூலிக்காரன்னு எறக்கல, அப்புடித்தான் நெனச்சேன். நீங்க வேற சொல்றீங்க. நெசமா இருக்கலாம். ஆனா அத்தன பேரு முன்னால சொன்னாரு, பாருங்க.”

“நில் தம்பி. நான் அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“பஸ்ஸு நிக்காதும்மா,” என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

*

கனகசுந்தரம் ஆபீஸில் இருந்தார். மனைவி குடையை விரிக்காமலே வெயிலில் வருவதைக் கண்டு எழுந்து வந்தார். வாசற்படியில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிட்டது ஒரே ஒரு முறைதான்.

“இலை போட்டவங்களோ?”

“ஓம். பின்னேரம் வரைக்கும் எடுக்கேல்லையாம்.”

பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூன்றுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பஸ் நிற்கும் சந்திக்கு இரண்டு மைல். கடிகாரத்தை மீண்டும் பையில் வைத்தார்.

வீட்டுக்குச் சென்று நாள்காட்டியின் முன் நின்றார். பதினேழாம் நாள் காலையில் பரஞ்சோதியைப் பெரட்டில் கண்டபோது தாம் எண்ணியது அவருக்கு நினைவு வந்தது. துடக்கு முடிவதற்குள் வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்கு வந்துவிட்டானே என்று அன்று இரங்கினார். அந்த இரக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அறுபத்து நான்கு சாவுகளைச் சிவப்புப் பென்சிலால் குறித்தவர், ஒரு சாவு வீட்டின் வாசலிலும் போய் உட்கார்ந்ததில்லை.

“நாங்கள் நினைச்சது நல்லதுக்குத்தானே,” என்றாள் ஞானாம்பிகை.

“எங்கடை நாளை அவங்கடை வீட்டிலை எண்ணிப்போட்டன், ஞானம்,” என்றார் அவர்.

பிறகு பச்சைக் கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் புறப்பட்டார்.

*

“வாரும் மச்சான், இரும்,” என்றார் முத்துக்குமாரு.

கனகசுந்தரம் உட்காரவில்லை. கோட்டை மேசையின்மேல் வைத்தார். “கொண்டந்திட்டன்.”

“நல்லது. அதை ஆருக்காவது குடுத்துவிடுவம். பக்கிரிசாமி! அந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு வா.”

சமையற்காரர் பக்கிரிசாமி ஒரு காகிதப் பொதியைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே ஒரு புதிய பச்சைக் கோட்டு இருந்தது. பினாங்குத் தையல். மடித்துத் தைத்த தடம் எங்கும் இல்லை.

“போட்டுப் பாரும். உம்முடைய அளவு. போன மாசம் லாரியிலை நீர் விட்டிட்டுப் போன கோட்டைக் குடுத்து அளவெடுப்பிச்சன்.” முதலாளி சிரித்தார். “என்ன முழிக்கிறீர்? கலைக்கப்போறன் எண்டு நினைச்சீரோ?”

“கடிதத்தைப் பாத்து அப்பிடித்தான் நினைச்சன்.”

“ஆறு வருசத்திலை ஆறு மனேச்சர். நான் வாங்கின சப்பாத்துகூட இன்னும் தேயேல்லை, மச்சான், ஆக்கள்தான் மாறிப்போச்சினம். போன கிழமை குளிம் பட்டணத்திலை ஒரு துரை கேக்கிறான், உன்ரை தோட்டத்திலை மனேச்சரையும் நாள் கூலிக்கோ வைச்சிருக்கிறாய் எண்டு. எல்லாரும் சிரிச்சவங்கள்.” அவர் குரல் தாழ்ந்தது. “இந்தத் தோட்டத்தை நான் வாங்கேக்கை ஒருத்தன் கை தட்டேல்லை, தெரியுமோ? ரோட்டு அளக்கச் சங்கிலி இழுத்தவன் முதலாளியாகிப்போட்டான் எண்டு எங்கடை சனமே பழிச்சது. முதல் முதல் பந்தடிச்சு வெண்ட அண்டைக்குத்தான் எனக்கு ஆக்கள் கை தட்டினவை. அந்தச் சத்தம் நிக்கக் கூடாது எண்ட பயத்திலைதான் ஒவ்வொருத்தரையும் கலைச்சனான். இனி வேண்டாம். ஐஞ்சு வருசத்துக்கு நீர்தான். எழுத்திலை தாறன். வீடும் வேலையும் அசையாது.”

வேறு எந்த நாளிலும் கனகசுந்தரம் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

“ஒரு கையெழுத்துத்தான் வேணும்,” என்று முதலாளி ஒரு தாளை நகர்த்தினார்.

‘கோல்காவலன் பரஞ்சோதி இறுதியாட்டத்துக்கு அறிவிப்பின்றி வராதிருந்தமையால், குழுவிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நீக்கப்படுகின்றான்.’ கீழே மனேச்சர் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது.

“விடியப் பெரட்டிலை வாசிச்சுப்போட்டு, பக்கத்துத் தோட்டங்களுக்கும் அனுப்பிவிடுவம். தோத்ததுக்கு ஒரு காரணம் வேணுமெல்லோ?”

“அவன் வந்தவன், மச்சான்.”

“எங்கை வந்தவன்?”

கனகசுந்தரம் சொன்னார். லாரியை வேறு பாதையில் விட்டதையும், பதினாறு நாளையும், முப்பத்தொரு நாளையும், எடுக்காமல் வைத்திருந்த இலையையும், அவன் பாலிங்குக்குப் போய்விட்டதையும் சொன்னார். முதலாளி தாளின்மேல் கையை வைத்தபடியே கேட்டார். பக்கிரிசாமியும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“நீர் இரக்கப்பட்டுச் செய்தனீர்,” என்றார் முத்துக்குமாரு கடைசியில். “அது பிழையில்லை.”

“பிழைதான்.”

“சரி, பிழை எண்டே வைப்பம். மனேச்சர் பிழை விட்டவர் எண்டு கூலிக்காரருக்கு முன்னாலை சொன்னால், நாளைக்கு உம்முடைய சொல்லை ஆர் கேப்பான்? உம்மை வேலையிலை வைச்சிருக்க வேணும் எண்டுதான் இவ்வளவும் செய்யிறன். பெடியன் எப்பிடியும் போயிட்டான் எண்டு நீரே சொல்லுறீர். போனவனிலை பழியைப் போடுறதாலை அவனுக்கு என்ன நட்டம்?”

“இந்தக் கடுதாசி பாலிங்குக்கு அவனுக்கு முன்னாலை போய் நிக்கும். ஒரு தோட்டத்திலையும் வேலை குடுக்க மாட்டாங்கள்.”

முதலாளி எழுந்து சன்னலருகே சென்றார். திரும்பாமலே பேசினார்.

“பினாங்கிலையிருந்து ஒருத்தன் எழுதியிருக்கிறான், மனேச்சராய் வாறன் எண்டு. கிராணி வேலையும் தெரியுமாம். நான் மறுமொழி போடேல்லை. விடியப் பெரட்டுக்கு முன்னம் உம்முடைய கையெழுத்து இருந்தால், போடவும் மாட்டன்.”

கனகசுந்தரம் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய கோட்டும் புதிய கோட்டும் மேசையிலேயே கிடந்தன.

“கோட்டு?” என்றார் முதலாளி.

“இருக்கட்டும், மச்சான்.”

பக்கிரிசாமி வாசல்வரை உடன் வந்தார். “எங்க பெரியப்பாவுக்கும் அரிசி வந்துச்சுங்கையா,” என்று மட்டும் சொன்னார்.

*

வெயில் தாழ்ந்திருந்தது. நான்காம் லயத்துக்குத் திரும்பும் முனையில், சனிக்கிழமை பரஞ்சோதி லாரிக்காக நின்ற அதே இடத்தில், ஞானாம்பிகை காத்துக்கொண்டிருந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய வேட்டி இருந்தது.

“பாப்பம்மாவிட்டைக் குடுப்பம் எண்டு கொண்டந்தன். வாங்கமாட்டாள். அவன்ரை கையிலைதான் குடுக்க வேணுமாம்.”

அவர் தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள். கடைசி வரியில் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டாள்.

“கையெழுத்து வைச்சால்?”

“ஐஞ்சு வருசம். புதுக் கோட்டும் தைச்சு வைச்சிருக்கிறார்.”

“வையாட்டில்?”

“வேறை ஆள் வரும்.”

அவள் பங்களாவின் பக்கம் பார்த்தாள், அங்கே விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பத்து வயதிலிருந்து தாய்க்குத் தாயாக வளர்த்த அண்ணன் அவர்.

“அண்ணை இனி எங்கடை வாசலுக்கு வரமாட்டார்,” என்றாள்.

“ஓம்.”

“வாசலும் இராது.”

“ஓம், ஞானம்.”

தாளை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வேட்டியோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டாள். “பாலிங்கிலை எந்தத் தோட்டம் எண்டு பாப்பம்மாவுக்கும் சரியாய்த் தெரியாதாம். மாமன்ரை பேர் ராமையா எண்டு மட்டும் சொன்னவள்,” என்றாள்.

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“விடியப் பெரட்டிலை, பிழை என்ரை எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறன். பிறகு மூண்டு மணி பஸ்ஸிலை பாலிங்குக்குப் போறன்,” என்றார்.